லிங்கர் தரும் எல்லைச் சிம்பல்கள்: புரோகிராமின் நினைவகப் பகுதிகளைக் கோடுக்குள்ளிருந்தே அறிவது எப்படி?

சி மொழியில் எழுதிய புரோகிராமுக்குச் சில நேரம் தன்னைப் பற்றியே சில விவரங்கள் தேவைப்படும். என் கோடு எந்த முகவரியில் முடிகிறது? தொடக்க மதிப்புள்ள மாறிகள் எங்கிருந்து எங்கு வரை இருக்கின்றன? ஹீப்பை (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்தை) எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? கம்பைலரிடம் இதற்குப் பதில் கிடையாது. அது ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கிறது. எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முகவரி கொடுப்பது லிங்கர். அதனால் எது எங்கே முடிகிறது என்பது அதற்கு மட்டுமே தெரியும். தெரிந்ததை அது சிம்பல்களாக நமக்குத் தருகிறது.

இந்தச் சிம்பல்களைச் சரியாகப் பயன்படுத்த ஒரே ஒரு விஷயம் மனதில் ஆழமாகப் பதிந்தால் போதும். அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். அப்புறம் லினக்ஸில் தொட்டுப் பார்ப்போம், பிறகு ஒரு மைக்ரோகண்ட்ரோலரின் லிங்கர் ஸ்கிரிப்டுக்குள் (எதை எங்கே அடுக்க வேண்டும் என்று லிங்கருக்குச் சொல்லும் கோப்பு) போவோம்.

ஒரு குறிப்பு: கட்டளைகள், சிம்பல் பெயர்கள், கோடு வரிகள் எல்லாவற்றையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். அடிக்கோடுகளும் அடைப்புக்குறிகளும் இங்கே இருப்பதுபோலவே வரும்.

படி 1: சிம்பல் என்பது முகவரி மட்டுமே

ஒரு கோப்பில் இன்ட் வயது = 30; என்று எழுதினால் இரண்டு வேலைகள் நடக்கின்றன. நான்கு பைட் இடம் ஒதுக்கப்பட்டு அதில் 30 போய் உட்காருகிறது. கூடவே, சிம்பல் அட்டவணையில் "வயது என்ற பெயருக்கு இந்த முகவரி" என்று ஒரு வரி சேருகிறது. நாம் எப்போதும் இரண்டையும் சேர்த்தே பார்த்துப் பழகிவிட்டதால், பெயர் என்றாலே அதற்குள் ஒரு மதிப்பு இருக்கும் என்று எண்ணுகிறோம்.

லிங்கர் தானாக உருவாக்கும் சிம்பலுக்கு இரண்டாவது வேலை மட்டும்தான் நடக்கிறது. அட்டவணையில் ஒரு வரி உண்டு, இடம் ஒதுக்கப்படவில்லை. வயலின் மூலையில் நட்ட எல்லைக்கல் மாதிரி: நிலம் எங்கே முடிகிறது என்று காட்டுவதுதான் அதன் வேலை, கல்லுக்குள் எதையும் தேடக் கூடாது.

ஆகவே சி கோடில் இந்தச் சிம்பலின் முகவரியை மட்டும் எடுக்க வேண்டும். உள்ளடக்கத்தைப் படிக்கக் கூடாது. இதற்கு மிகப் பாதுகாப்பான அறிவிப்பு, அளவு சொல்லாத அரே:

எக்ஸ்டர்ன் கேர் _எண்ட்[];

அரேயின் பெயரை எழுதினாலே முகவரி கிடைத்துவிடும் என்பதால் தவறு செய்ய இடமில்லை. இதையே கேர் *_எண்ட் என்று பாயிண்டராக அறிவித்தால் கதை மாறுகிறது. அந்த முகவரியில் ஒரு பாயிண்டர் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று கம்பைலர் நம்பி, 64 பிட் கணினியில் அங்கிருந்து எட்டு பைட்டைப் படிக்கும். அங்கே இருப்பது பெரும்பாலும் பூஜ்யம், இல்லையென்றால் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று. எண்ட் சரியாகப் பக்க எல்லையில் விழுந்திருந்தால் செக்மெண்டேஷன் ஃபால்ட். கம்பைலரும் லிங்கரும் இதற்கு ஒரு எச்சரிக்கைகூடத் தரமாட்டா, ஏனென்றால் லிங்கருக்கு டைப் பற்றி எதுவும் தெரியாது.

கேர் _எண்ட்; என்று தனி மாறியாக அறிவித்து, முன்னால் ஆம்பர்சாண்ட் போட்டு முகவரி எடுப்பதும் வேலை செய்யும். பழைய கோடில் நிறையப் பார்க்கலாம். ஆனால் அது ஒரு பைட் அளவுள்ள பொருள் என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. அங்கிருந்து மெம்காப்பி மூலம் ஆயிரம் பைட் நகலெடுக்கச் சொன்னால், எல்லை மீறுகிறாய் என்று எச்சரிக்கும். லினக்ஸ் கெர்னலில் உள்ள ஃபோர்ட்டிஃபை (எல்லை மீறலைப் பிடிக்கும் சோதனை) மறுத்தேவிடும். அரே அறிவிப்பில் இந்தத் தொல்லை இல்லை.

படி 2: லினக்ஸில் தொட்டுப் பார்ப்பது

யூனிக்ஸின் தொடக்க காலத்திலிருந்தே மூன்று பெயர்கள் வழக்கத்தில் உண்டு: ஈடெக்ஸ்ட், ஈடேட்டா, எண்ட். கோடு முடிந்த அடுத்த பைட், தொடக்க மதிப்புள்ள டேட்டா முடிந்த அடுத்த பைட், பிஎஸ்எஸ் (தொடக்க மதிப்பு கொடுக்காத மாறிகளின் பகுதி) முடிந்த அடுத்த பைட். மூன்றுமே கடைசி பைட்டை அல்ல, அதற்கு அடுத்ததையே சுட்டுகின்றன. அதனால்தான் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் அளவு நேராகக் கிடைக்கிறது, ஒன்று கூட்ட வேண்டியதில்லை. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்தில் இவை இல்லை. எந்த ஹெடர் கோப்பிலும் அறிவிப்பு கிடையாது, நாமேதான் அறிவிக்க வேண்டும்.

எக்ஸ்டர்ன் கேர் ஈடெக்ஸ்ட்[], ஈடேட்டா[], எண்ட்[];

மெயின் ஃபங்ஷனில் மூன்றையும் முகவரி வடிவத்தில் பிரிண்ட்எஃப் கொண்டு அச்சிடுங்கள். ஜிசிசி கம்பைலரில் -நோ-பை விருப்பம் கொடுத்துக் கம்பைல் செய்தால், 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் எண்கள் ஹெக்ஸ் 400000-க்குச் சற்று மேலே வரும். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே எண்கள்தான். அந்த விருப்பத்தை எடுத்துவிட்டு, இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வகைகளின் வழக்கப்படி பை (எந்த முகவரியிலும் ஏற்றத்தக்க) வடிவத்தில் கம்பைல் செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எண் மாறும். கெர்னல் புரோகிராமை வெவ்வேறு இடத்தில் ஏற்றுவதே காரணம். ஆனால் மூன்று எண்களுக்கும் இடையிலான தூரம் மாறாது. லிங்கர் உறுதி சொல்வது அந்தத் தூரத்தை மட்டும்தான்.

அடுத்து, 1000 இன்ட் கொண்ட ஒரு குளோபல் அரேயை எந்த மதிப்பும் கொடுக்காமல் சேருங்கள். ஈடேட்டாவுக்கும் எண்டுக்கும் இடையிலான தூரம் சுமார் 4000 பைட் கூடும். இப்போது முதல் உறுப்புக்கு 1 என்று மதிப்பு கொடுங்கள். அந்த 4000 பைட்டும் பிஎஸ்எஸ்ஸிலிருந்து டேட்டாவுக்கு இடம் பெயரும், எக்ஸிகியூட்டபிள் கோப்பின் அளவும் அதற்கேற்பக் கூடும். முதல் உறுப்புக்கு 0 கொடுத்தால் மறுபடி பிஎஸ்எஸ்ஸுக்கே போய்விடும், ஏனென்றால் முழுக்கப் பூஜ்யமான அரேயைக் கோப்பில் சுமக்கத் தேவையில்லை என்று ஜிசிசிக்குத் தெரியும். இந்தச் சோதனையைப் படித்துவிட்டு நகராமல் செய்து பாருங்கள். செக்‌ஷன் என்ற கருத்து (ஒரே வகைக் கோடோ டேட்டாவோ சேர்ந்திருக்கும் பகுதி) இதில் பிடிபடுகிற மாதிரி வேறெதிலும் பிடிபடாது.

இரண்டு இடங்களில் தவறான முடிவுக்கு வர வாய்ப்பு உண்டு. ஈடெக்ஸ்டுக்கும் ஈடேட்டாவுக்கும் இடையே இருப்பதெல்லாம் மாறிகள் அல்ல. படிக்க மட்டுமேயான மாறிலிகள், எக்ஸப்ஷன் அட்டவணைகள், டைனமிக் லிங்கிங்குக்கான அட்டவணைகள் எல்லாம் நடுவில் கிடக்கின்றன. பக்க எல்லைக்காக விடப்பட்ட வெற்றிடமும் உண்டு. அங்கே கைவைத்தால் ஃபால்ட் வரலாம். அதேபோல, ஹீப் எண்டிலிருந்தே தொடங்கும் என்பது பழைய யூனிக்ஸ் பாடம். இன்றைய லினக்ஸில் ரேண்டமைஸ்_விஏ_ஸ்பேஸ் அமைப்பு 2 ஆக இருந்தால் ஹீப்பின் தொடக்கமும் தள்ளி வைக்கப்படும். ஹீப்பின் தற்போதைய எல்லையைச் சொல்லும் எஸ்பிஆர்கே(0) தரும் மதிப்பை, புரோகிராமின் தொடக்கத்திலேயே, எண்டோடு ஒப்பிட்டால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்.

படி 3: இந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன?

ஜிஎன்யூ லிங்கரை --வெர்போஸ் விருப்பத்தோடு கூப்பிட்டால், தனக்குள் வைத்திருக்கும் லிங்கர் ஸ்கிரிப்ட் முழுவதையும் திரையில் கொட்டும். முதல் பார்வைக்கு மிரட்டும். பயப்படாமல் ஈடெக்ஸ்ட் என்று தேடுங்கள். இப்படி ஒரு வரி கிடைக்கும்:

புரொவைட் (ஈடெக்ஸ்ட் = .);

தனியாக நிற்கும் அந்தப் புள்ளிதான் எல்லாவற்றுக்கும் மையம். "இந்தக் கணத்தில் எந்த முகவரி வரை அடுக்கி முடித்திருக்கிறேன்" என்பதே அதன் பொருள். ஒவ்வொரு செக்‌ஷனை வைக்கும்போதும் புள்ளி முன்னேறும். சமக்குறி போட்டு ஒரு பெயரில் எழுதினால், அந்த இடத்தில் புள்ளி எங்கே இருந்ததோ அதுவே அந்தப் பெயரின் முகவரி. வேறு மாயம் எதுவும் இல்லை.

புரொவைட் என்பது ஒரு மரியாதையான வார்த்தை. "யாராவது இந்தப் பெயரைக் கேட்டிருந்து, வேறு யாரும் வரையறுக்காமல் இருந்தால் மட்டும் நான் தருகிறேன்" என்கிறது. எண்ட் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் தன் மாறிக்கு வைக்கலாம், சி மொழி அதைத் தடுக்கவில்லை. ஆகவே லிங்கர் ஒதுங்கிக்கொள்கிறது.

இந்த ஒதுங்கலே சில நேரம் ஆபத்தாகிறது. எம்பெடெட் கருவிகளில் பயன்படும் நியூலிப் என்ற சி நூலகத்தோடு வரும் எஸ்பிஆர்கே ஃபங்ஷன் ஹீப்பின் தொடக்கமாக எடுத்துக்கொள்வது எண்ட் சிம்பலைத்தான். உங்கள் கோடில் இன்ட் எண்ட்; என்று ஒரு குளோபல் மாறி இருந்தால், லிங்கர் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்கும். ஹீப் உங்கள் மாறியின் முகவரியிலேயே தொடங்கும். முதல் மேலாக்கில் (ஹீப்பில் இடம் கேட்கும் அழைப்பில்) அதற்கு அடுத்துள்ள மாறிகள் எல்லாம் அழியத் தொடங்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. எம்பெடெட் கோடில் ஸ்டார்ட், எண்ட் போன்ற பொதுப் பெயர்களைக் குளோபலாக வைக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஸ்டாட்டிக் போட்டால் பிரச்சினையே இல்லை.

படி 4: மைக்ரோகண்ட்ரோலர், இந்தச் சிம்பல்கள் இல்லாமல் மெயின்கூட ஓடாத இடம்

லினக்ஸில் புரோகிராமை ஏற்றிவைக்கக் கெர்னல் இருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலரில் யாரும் இல்லை. எஸ்டிஎம்32எஃப்103சி8 என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம், நீல நிறச் சிறு போர்டுகளில் மலிவாகக் கிடைப்பது. ஃபிளாஷ் 64 கிலோபைட், ஹெக்ஸ் 08000000-இல் தொடங்குகிறது. ரேம் 20 கிலோபைட், ஹெக்ஸ் 20000000-இல் தொடங்குகிறது.

சிக்கல் இதுதான். இன்ட் வேகம் = 50; என்ற மாறி ஓட்டத்தின்போது ரேமில் இருக்க வேண்டும், ஏனென்றால் அதை மாற்றுவோம். ஆனால் மின்சாரம் போனால் ரேம் காலி. எனவே 50 என்ற எண் ஃபிளாஷில் பத்திரமாக இருந்து, ஒவ்வொரு முறை ரீசெட் ஆகும்போதும் ரேமுக்கு நகலாக வேண்டும். அதாவது டேட்டா செக்‌ஷனுக்கு இரண்டு முகவரிகள்: ஓடும் முகவரி ரேமில், ஏற்றும் முகவரி ஃபிளாஷில். ஸ்கிரிப்டில் அது இப்படி வருகிறது:

_எஸ்ஐடேட்டா = லோட்ஏடிடிஆர்(.டேட்டா);

.டேட்டா :
{
  . = அலைன்(4);
  _எஸ்டேட்டா = .;
  *(.டேட்டா)
  *(.டேட்டா*)
  . = அலைன்(4);
  _ஈடேட்டா = .;
} >ரேம் ஏடி> ஃபிளாஷ்

கடைசி வரிதான் இரட்டை முகவரியைச் சொல்கிறது: ரேமில் ஓடு, ஃபிளாஷில் கிட. எஸ்ஐடேட்டா ஃபிளாஷில் உள்ள பிரதியின் தொடக்கம். எஸ்டேட்டா, ஈடேட்டா இரண்டும் ரேமில் உள்ள எல்லைகள். ரீசெட் ஆனதும் ஸ்டார்ட்அப் கோடு எஸ்டேட்டாவிலிருந்து ஈடேட்டா வரை, எஸ்ஐடேட்டாவில் இருப்பதை நான்கு நான்கு பைட்டாக நகலெடுக்கிறது. பிறகு எஸ்பிஎஸ்எஸ் முதல் ஈபிஎஸ்எஸ் வரை, அதாவது பிஎஸ்எஸ்ஸின் தொடக்கம் முதல் முடிவு வரை, பூஜ்யம் நிரப்புகிறது. அதற்குப் பிறகுதான் மெயின். "குளோபல் மாறிக்கு மதிப்பு கொடுக்காவிட்டால் பூஜ்யம்" என்று சி மொழி தரும் வாக்குறுதியைக் காப்பாற்றுவது இந்தச் சில வரிகள்தான்.

மேலே உள்ள ஒவ்வொரு வரியும் இருக்கும் இடத்துக்குக் காரணம் உண்டு. எஸ்டேட்டாவை அடைப்புக்குறிக்கு உள்ளே வைத்திருப்பதைக் கவனியுங்கள். அதை வெளியே, டேட்டா செக்‌ஷனுக்கு முந்தைய வரியில் எழுதினால் என்ன ஆகும்? அந்த இடத்தில் புள்ளி, முந்தைய செக்‌ஷன் முடிந்த முகவரியில் நிற்கிறது. முந்தையது ஃபிளாஷில் உள்ள மாறிலிகளின் செக்‌ஷன் என்றால், எஸ்டேட்டாவுக்கு ஒரு ஃபிளாஷ் முகவரி கிடைக்கும். ரேமுக்கு நகலெடுக்க வேண்டிய கோடு ஃபிளாஷில் எழுத முயலும்.

இதுவாவது உடனே தெரிந்துவிடும். இன்னும் நயவஞ்சகமான வகை ஒன்று இருக்கிறது. முந்தைய செக்‌ஷன் ரேமிலேயே இருந்து, ஹெக்ஸ் 20000004-இல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். டேட்டாவில் ஒரு டபுள் மாறி இருப்பதால் செக்‌ஷனுக்கு எட்டு பைட் அலைன்மெண்ட் (எட்டின் மடங்கான தொடக்க முகவரி) வேண்டும். லிங்கர் நான்கு பைட் தள்ளி 20000008-இல் டேட்டாவைத் தொடங்கும். வெளியே எழுதிய எஸ்டேட்டாவோ 20000004 என்றே நிற்கும். ஆனால் எஸ்ஐடேட்டா சரியாக 20000008-க்குரிய பிரதியைச் சுட்டுகிறது. நகல் முடிந்ததும் ஒவ்வொரு மாறியிலும் நான்கு பைட் தள்ளியிருக்கும் பக்கத்து மாறியின் மதிப்பு உட்கார்ந்திருக்கும். கம்பைல் சுத்தம், லிங்க் சுத்தம், புரோகிராம் ஓடவும் செய்யும், கணக்கு மட்டும் தப்பும். ஒரு டபுள் மாறி சேர்ப்பதற்கு முன்பு வரை எல்லாம் சரியாகவே இருந்திருக்கும் என்பதால் சந்தேகம் அந்த மாறியின் மேல்தான் விழும், ஸ்கிரிப்டை யாரும் பார்க்கமாட்டார்கள். சிம்பலை அடைப்புக்குள் வைத்து, முதல் வரியில் இருக்கும் அலைன் எண்ணையும் 8 ஆக்கிவிட்டால் இந்த வகைப் பிழைக்கு வழியே இல்லை. அடைப்புக்குள் புள்ளி செக்‌ஷனின் உண்மையான தொடக்கத்திலிருந்தே எண்ணப்படுகிறது.

முடிவில் உள்ள அலைன் வரியும் அலங்காரத்துக்கு அல்ல. நகலெடுக்கும் லூப் நான்கு பைட்டாகப் போகிறது. ஈடேட்டா நான்கின் மடங்காக இல்லாமல், அடுத்து வரும் செக்‌ஷன் உடனே ஒட்டிக்கொண்டு தொடங்கினால், கடைசிச் சுற்று அதன் மேல் ஓரிரு பைட்டை எழுதிவிடும்.

பிஎஸ்எஸ் பகுதியில் *(.பிஎஸ்எஸ்*) வரியோடு *(காமன்) என்ற வரியும் வேண்டும். ஜிசிசி 10-க்கு முன்பு, மதிப்பில்லாத குளோபல் மாறிகள் காமன் என்ற தனி வகையில் போய்க்கொண்டிருந்தன. 10 முதல் நேராக பிஎஸ்எஸ்ஸுக்கே போகின்றன. பழைய கம்பைலரில் உருவான நூலகத்தை இணைக்கும்போது அந்த வரி இல்லையென்றால், அந்த மாறிகள் ஈபிஎஸ்எஸ்ஸுக்கு வெளியே போய் விழுந்து, பூஜ்யம் நிரப்பப்படாமல் தங்கிவிடலாம்.

அடுத்து ஈஸ்டேக், ஸ்டேக் தொடங்கும் உச்சி முகவரி. ஸ்கிரிப்டின் மேல்பகுதியிலேயே இருக்கும்: ரேமின் தொடக்கத்தோடு ரேமின் நீளத்தைக் கூட்டியது, நம் சிப்பில் ஹெக்ஸ் 20005000. இந்த முகவரியில் ரேமே கிடையாது. கடைசி ரேம் பைட்டுக்கு அடுத்தது அது. ஆனாலும் இதுதான் சரி. கார்ட்டெக்ஸ்-எம் புராசசர் ஸ்டேக்கில் எதையும் வைக்கும் முன் பாயிண்டரைக் குறைத்துவிட்டுத்தான் எழுதும், ஆகவே முதல் தள்ளலிலேயே ரேமுக்குள் வந்துவிடும். வெக்டர் டேபிளின் (ரீசெட் ஆனதும் புராசசர் முதலில் பார்க்கும் அட்டவணை) முதல் நான்கு பைட்டில் இந்த முகவரியே உட்காருகிறது, ரீசெட்டில் புராசசர் அதை எடுத்து ஸ்டேக் பாயிண்டரில் வைக்கிறது. சிம்பலின் முகவரியை எடுக்கலாம், உள்ளடக்கத்தைப் படிக்கக் கூடாது என்று முதல் படியில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. ஈஸ்டேக்கைப் படிக்கப் போனால் நேராக ஹார்ட் ஃபால்ட்.

இதே ஸ்கிரிப்டில் _மின்_ஸ்டேக்_சைஸ் என்று ஒன்று இருக்கும், மதிப்பு ஹெக்ஸ் 400, அதாவது 1024. இது முகவரியே அல்ல, வெறும் அளவு. ஆனால் சிம்பல் அட்டவணையில் ஒரு பெயரின் மதிப்பை வைக்க முகவரி என்ற ஒரே ஒரு கட்டம்தான் உண்டு, ஆகவே அளவும் அந்தக் கட்டத்திலேயே உட்காருகிறது. சி கோடில் இந்த 1024-ஐப் பெற, அதே ஆம்பர்சாண்ட் போட்டு "முகவரி" எடுத்து முழு எண்ணாக மாற்ற வேண்டும். எஸ்டி நிறுவனம் தரும் எஸ்பிஆர்கே கோடு இப்படித்தான் செய்கிறது: ஈஸ்டேக்கின் முகவரியிலிருந்து மின்_ஸ்டேக்_சைஸின் "முகவரி"யைக் கழித்தால், ஹீப் ஏறக்கூடிய உச்சம் கிடைக்கும். ஸ்டேக் அளவு என்ற மாறிக்கு எதற்கு முகவரி எடுக்கிறார்கள் என்று முதல் தடவை பார்ப்பவர்கள் குழம்புவது இயல்பு. அது மாறி அல்ல என்று தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 5: சொந்தமாக ஒரு பகுதியும் அதன் எல்லைகளும்

இதுவரை லிங்கர் கொடுத்ததை வாங்கினோம். நாமே ஒரு பகுதியை உண்டாக்குவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பல கோப்புகளில் சிதறிக்கிடக்கும் பதிவுகளை, எந்த மையப் பட்டியலையும் கையால் திருத்தாமல் ஒரே அரேயாகச் சேர்த்துவிடலாம்.

ஒரு மாறிக்கு முன்னால் செக்‌ஷன் என்ற ஆட்ரிபியூட்டில் மெனு என்று பெயர் கொடுங்கள். எத்தனை கோப்புகளில் வேண்டுமானாலும் இப்படிக் கொடுக்கலாம். லிங்கர் எல்லாவற்றையும் மெனு என்ற ஒரே செக்‌ஷனில் அருகருகே அடுக்கும். பெயர் சி மொழியில் செல்லுபடியாகும் அடையாளமாக இருந்தால், அதாவது முன்னால் புள்ளி இல்லாமல் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் இருந்தால், ஜிஎன்யூ லிங்கரும் எல்எல்டியும் (எல்எல்விஎம் திட்டத்தின் லிங்கர்) இரண்டு சிம்பல்களைத் தாமாகவே தரும்: __ஸ்டார்ட்_மெனு, __ஸ்டாப்_மெனு. லிங்கர் ஸ்கிரிப்டைத் தொடவே வேண்டாம். முதலாவதிலிருந்து இரண்டாவது வரை ஒரு லூப் ஓட்டினால் முடிந்தது.

இது ஓரமான தந்திரம் அல்ல. லினக்ஸ் கெர்னல் தன் இனிட்கால் ஃபங்ஷன்களை இதே யோசனையில்தான் திரட்டுகிறது, அங்கே எல்லைகளைத் தன் ஸ்கிரிப்டிலேயே எழுதிக்கொள்கிறது. டிரைவர் எழுதுபவர் ஒரு மேக்ரோ போட்டால் போதும், பூட் ஆகும்போது அவருடைய ஃபங்ஷன் முறைப்படி கூப்பிடப்படும். பூட் முடிந்ததும், தொடக்கத்துக்கு மட்டுமே தேவைப்பட்ட கோடும் டேட்டாவும் இருந்த பகுதியை __இனிட்_பிகின் முதல் __இனிட்_எண்ட் வரை விடுவித்துவிடுகிறது. டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவில்) பயன்படாத கெர்னல் நினைவகத்தை விடுவிக்கிறேன் என்று கிலோபைட் கணக்கோடு ஒரு வரி வருமே, அது இந்த இரண்டு சிம்பல்களின் வித்தியாசம்தான்.

செய்து பார்ப்பவர்கள் மூன்று இடங்களில் தடுக்கி விழக்கூடும்.

முதலாவது, கம்பைலர் பதிவுகளைத் தூக்கி எறிவது. ஸ்டாட்டிக் மாறியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்றால் தேவையில்லாதது என்று முடிவெடுக்கும். யூஸ்டு என்ற ஆட்ரிபியூட் போட்டால் கம்பைலர் விட்டுவிடும். ஆனால் --ஜிசி-செக்‌ஷன்ஸ் இருந்தால் லிங்கரும் ஒரு சுற்று குப்பை பொறுக்கும். எல்எல்டி 13 முதல் __ஸ்டார்ட் சிம்பலைக் குறிப்பிட்டிருப்பது மட்டும் அந்தச் செக்‌ஷனைக் காப்பாற்றப் போதாது. ஜிசிசி 11-இல் வந்த ரிடெய்ன் ஆட்ரிபியூட்டையும் சேர்த்துவிடுங்கள். சொந்த ஸ்கிரிப்ட் என்றால் கீப் என்று சுற்றி எழுதினால் போதும்.

இரண்டாவது, எந்தக் கோப்பும் மெனுவில் எதையும் போடவில்லை என்றால் செக்‌ஷனே இருக்காது, சிம்பலும் இருக்காது, லிங்கர் வரையறுக்கப்படாத சிம்பல் என்று நின்றுவிடும். இரண்டு அறிவிப்பிலும் வீக் என்ற ஆட்ரிபியூட் போட்டால் இரண்டுமே பூஜ்ய முகவரியாகி, லூப் ஒரு தடவையும் ஓடாமல் முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் நேரத்தைத் தின்பது. ஸ்ட்ரக்ட்களை நேரடியாகச் செக்‌ஷனில் போட்டால், அவை இடைவெளியில்லாமல் அடுக்கப்படும் என்று லூப் நம்புகிறது. ஆனால் 64 பிட் இன்டெல் கணினியில் ஜிசிசி, பெரிய ஸ்ட்ரக்ட் மாறிகளை வேகத்துக்காக 32 பைட் எல்லையில் வைப்பதுண்டு. உங்கள் ஸ்ட்ரக்ட் 40 பைட் என்றால் அடுத்தது 64-ஆவது பைட்டில் தொடங்கும். லூப்போ 40-ஆவது பைட்டைப் படிக்கும், அங்கே வெற்றிடம். முதல் பதிவு சரி, இரண்டாவதிலிருந்து குப்பை. நம்பகமான தீர்வு, செக்‌ஷனில் ஸ்ட்ரக்டைப் போடாமல் அதைச் சுட்டும் பாயிண்டரைப் போடுவது. பாயிண்டர் எட்டு பைட், எட்டு பைட் எல்லை, இடைவெளிக்கு வாய்ப்பில்லை. கெர்னலின் டிரேஸ் நிகழ்வுகளும் பாயிண்டர்களாகத்தான் செக்‌ஷனில் சேர்கின்றன.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். தொடக்கமும் முடிவும் கம்பைலர் பார்வையில் இரண்டு வெவ்வேறு அரேக்கள். வெவ்வேறு பொருள்களின் முகவரி ஒன்றாக இருக்க முடியாது என்று அது வாதிட்டு, "தொடக்கமும் முடிவும் சமமா" என்ற சோதனையை எப்போதும் பொய் என்று மாற்றிவிட உரிமை எடுத்துக்கொள்ளும். காலியான செக்‌ஷனைக் கண்டுபிடிக்க அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். லூப்பில் சிறியதா என்று ஒப்பிடுங்கள்.

படி 6: வேறு லிங்கர்களில் பெயர் மட்டும் மாறும்

மேக் கணினியில் ஈடெக்ஸ்ட் வகைப் பெயர்களை மறந்துவிடலாம். அங்கே லிங்கர், டாலர் குறிகள் கொண்ட பெயர்களைப் புரிந்துகொள்கிறது: செக்‌ஷன்$ஸ்டார்ட்$, அதன் பின் செக்மெண்ட் பெயர், மறுபடி டாலர், செக்‌ஷன் பெயர். முடிவுக்கு ஸ்டார்ட்டுக்குப் பதில் எண்ட். சி கோடில் டாலரோடு நேராக எழுதாமல், அறிவிப்பின் பின்னால் ஏஎஸ்எம் என்று போட்டுச் சிம்பல் பெயரை மேற்கோளுக்குள் கொடுப்பது வழக்கம்.

ஆர்ம் நிறுவனத்தின் ஆர்ம்லிங்க்கில் இரட்டை டாலர்: இமேஜ்$$பகுதியின் பெயர்$$பேஸ், இமேஜ்$$பகுதியின் பெயர்$$லிமிட். ஃபிளாஷில் உள்ள பிரதிக்கு இமேஜ் என்பதற்குப் பதில் லோட். எஸ்ஐடேட்டாவும் எஸ்டேட்டாவும் புரிந்திருந்தால் இது புதிதாகத் தோன்றாது.

விண்டோஸில் லிங்கர் எல்லைச் சிம்பல் தருவதில்லை, ஆனால் செக்‌ஷன் பெயரில் டாலருக்குப் பின்னால் வருவதை அகரவரிசைப்படுத்தி அடுக்குகிறது. ஆகவே ஏ என்று முடியும் பிரிவில் ஒரு காலி மாறி, இசட் என்று முடியும் பிரிவில் இன்னொன்று, நடுவில் உங்கள் பதிவுகள். சி++ குளோபல் கன்ஸ்ட்ரக்டர்களை மைக்ரோசாஃப்டின் ரன்டைம் இப்படித்தான் திரட்டுகிறது. நடுவே பூஜ்யம் நிரப்பிய இடைவெளிகள் வரலாம் என்பதால் லூப் அவற்றைத் தாண்டிப் போகும்படி எழுதப்பட்டிருக்கும். யூ-பூட் பூட்லோடரும் தன் கட்டளைப் பட்டியலுக்குப் பெயர் வரிசைப்படுத்தும் இதே யோசனையைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே தொடக்கத்தையும் முடிவையும் காட்டுபவை அளவே இல்லாத அரேக்கள்.

படி 7: நம்பாமல் சரிபார்ப்பது

ஸ்கிரிப்டில் எழுதியது ஒன்று, கிடைத்தது வேறு என்பது அடிக்கடி நடக்கும். என்எம் கட்டளையை -என் விருப்பத்தோடு ஓட்டினால் எல்லாச் சிம்பல்களும் முகவரி வரிசையில் வரும். எஸ்டேட்டாவுக்கு அடுத்த வரியில், அதே முகவரியில் உங்கள் முதல் மாறி இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் படி 4-இல் சொன்ன தள்ளல் பிழையைத் தேடுங்கள். முகவரிக்குப் பக்கத்தில் ஏ என்ற எழுத்து இருந்தால் அது எந்தச் செக்‌ஷனையும் சேராத தனி எண், ஸ்டேக் அளவு போன்றவற்றுக்கு அது சரி. எல்லைச் சிம்பலுக்கு அது வந்தால், எங்கே எழுதியிருக்கிறோம் என்று ஸ்கிரிப்டை ஒரு முறை பாருங்கள். பை வடிவத்தில் புரோகிராம் இடம் மாறும்போது, செக்‌ஷனைச் சேர்ந்த சிம்பல்தான் கூடவே நகர வேண்டும்.

லிங்க் செய்யும்போது -மேப் விருப்பம் கொடுத்து மேப் ஃபைலையும் எடுத்து வையுங்கள். எந்தக் கோப்பின் எந்தத் துண்டு எங்கே விழுந்தது என்பது அதில் மட்டும்தான் முழுமையாக இருக்கும். ஸ்கிரிப்டில் பெயர் சொல்லாத செக்‌ஷன் ஏதாவது தானாக எங்கோ போய் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அங்கே பிடித்துவிடலாம்.

சோதனைகளில் எனக்கு மிகவும் பயன்படுவது ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதும் அசர்ட். ஈபிஎஸ்எஸ்ஸோடு ஸ்டேக் அளவையும் ஹீப் அளவையும் கூட்டினால் ஈஸ்டேக்கைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி, எஸ்டேட்டா சரியாக டேட்டா செக்‌ஷனின் முகவரிக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி:

அசர்ட்(_எஸ்டேட்டா == ஏடிடிஆர்(.டேட்டா), "எஸ்டேட்டா தள்ளிப்போயிருக்கிறது")

நிபந்தனை உடைந்தால் லிங்கர் அந்தச் செய்தியைக் காட்டி, எக்ஸிகியூட்டபிளை உருவாக்காமல் நின்றுவிடும். போர்டில் ஏற்றி, டீபக்கரை மாட்டி, நாள்கணக்கில் தேட வேண்டிய பிழை, பில்ட் செய்யும் இடத்திலேயே ஒரு வரியில் பிடிபடும்.